ஆள்காட்டி முட்டையும் நம் வீட்டு எருமையும்

கண்மாய்க்கரையே கதியென்று கிடந்த என் கருப்பையா மச்சானுக்கு,

நீ போய் ஆறு மாசமாகிறது. உன் தங்கை, அதாவது என் எஜமானி வள்ளியம்மை, சௌக்கியம். என்னைத் திட்டுகிற குரலில் ஒரு குறையும் இல்லை. கண்மாயில்தான் மடையடியில் ஒரு குட்டை அளவு தண்ணீர் மிச்சம். நாமக்கோழிகள் நெற்றியில் வெள்ளை பூசிக்கொண்டு, பெருமாள் கோயில் பட்டர் மாதிரி அதிலேயே உலாத்துகின்றன.

கடைசியாக என் கையைப் பிடித்து நீ என்ன சொன்னாய்? "மாப்ள, இந்த வருசம் ஆள்காட்டி எங்கிட்டு முட்டை வைக்கிதுன்னு பாத்துச் சொல்லு. கிட்டப் போயிராத." முதல் பாதிதான் என் காதில் ஏறியது.

நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் குருவி எந்த மட்டத்தில் முட்டையிடுகிறதோ, அதற்குமேல் அந்த வருஷம் கண்மாயில் தண்ணீர் ஏறாது என்பது ஊர் நம்பிக்கை. பள்ளத்தில் இட்டால் வரகு விதைப்போம், கரையில் இட்டால் நெல். இருபது வருஷமாக நீதான் பார்த்துச் சொன்னாய். 'குருவி ஜோசியர்' என்று ஊரெல்லாம் உன்னைக் கேலி பேசியது நான்.

ஆனி பிறந்ததும் போனேன். பள்ளத்தில், மடைக்குப் பத்தடி தள்ளி, சரளைக்கல்லுக்கு நடுவே நாலு முட்டை. கல் எது, முட்டை எது என்று பிரிக்க முடியாத நிறம். அந்த நேரம் பார்த்து நம் வீட்டு எருமை அசைந்து அசைந்து தண்ணீருக்கு வந்தது. எருமையை விரட்டியிருக்க வேண்டும் அல்லவா? நான் முட்டைகளைத் துண்டில் ஏந்திக்கொண்டு போய்க் கரையின் உச்சியில் பத்திரமாக வைத்தேன். குருவி என் வழுக்கைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. நன்றி சொல்கிறதென்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஊரே கரையில் நிற்கிறது. நம் ஊர்ப் பெரியதனக்காரர் அம்பலகாரருக்குச் சந்தோஷத்தில் மீசை நிற்கவில்லை. "உச்சியில வச்சிருக்குய்யா! கண்மாய் பெருகப்போகுது. கருப்பையா இல்லாமப் போயிட்டானே! எல்லாரும் நெல்லையே தெளிங்க."

எனக்கு வேர்த்துவிட்டது. யுத்தத்தில் பர்மா அரிசி நின்றுபோன காலம் மச்சான். வீட்டுக்கு வீடு மண்குலுக்கையில் இருப்பது விதைநெல் மட்டும்தான். அதைத் தெளித்து, தண்ணீர் வராமல் கருகினால் ஊர் எதைத் தின்னும்? வீட்டுக்கு ஓடி வந்து வள்ளியிடம் சொன்னேன்.

"எங்கண்ணன் இருவது வருசம் கரையில ஒக்காந்து பாத்துச்சு. ஒரு நா கிட்டப் போயிருக்குமா? ஒங்களுக்கு மட்டும் கை அரிச்சுப்போச்சாக்கும்! போங்க, போய்ச் சொல்லிட்டு வந்து சோறு தின்னுங்க."

பசி என்னை மடையடிக்குத் தள்ளிக்கொண்டு போனது. "அம்பலம், அந்த முட்டையை அங்கிட்டு வச்சது குருவி இல்லீங்க. நாந்தான்."

அம்பலகாரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏய்யா சிதம்பரம், நீ எப்பய்யா முட்டையிட ஆரம்பிச்ச?"

அன்றைக்குச் சிரித்த ஊர் இன்னும் வாயை மூடவில்லை. ஆனால் விதைநெல் குலுக்கையிலேயே இருந்தது. குருவி மட்டும் கரையுச்சிக்கு வரவே இல்லை. பள்ளத்தில் பழைய இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. நாலு முட்டையும் ஆறிப்போயின. ஊர் சிரித்ததை நான் தாங்கிக்கொண்டேன். குருவி அலைந்ததைத்தான் பார்க்க முடியவில்லை.

ஆடியில் அது மறுபடியும் முட்டையிட்டது, பள்ளத்துக்கும் கரைக்கும் சரிபாதியில். எந்த முட்டையை நம்புவது என்று மடையடியில் ஒரே சண்டை. "பள்ளத்து வயல்ல நெல்லு, மேட்டு வயல்ல வரகு. ரெண்டு முட்டைக்கும் மரியாதை" என்று அம்பலகாரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மழை எவ்வளவு வரும் மச்சான்? அங்கிட்டிருந்து பார்த்தால் மேகம் கிட்டத்தில் தெரியுமே?

ஒரு விஷயத்துக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உச்சி வெயிலில் அந்தக் குருவி குட்டையில் நெஞ்சை நனைத்துவந்து முட்டையைக் குளிர வைக்கும் என்று நீ சொன்னபோது, உனக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றேன். நேற்று நானே பார்த்தேன். ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்து உட்கார்ந்தது. பக்கத்தில் திரும்பி, "மச்சான், பாரு" என்று சொல்லியும் விட்டேன்.

எருமை இன்றைக்கும் வந்தது. இந்தத் தடவை நான் முட்டையை நகர்த்தவில்லை, எருமையை நகர்த்தினேன். குஞ்சுகள் பொரித்து ஓடும்வரை தினமும் நகர்த்துவேன். கரையில் நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்துதான் பார்ப்பேன், கிட்டப் போகமாட்டேன்.

உன் தங்கை கையால் சோறும் திட்டும் வாங்கும் மாப்பிள்ளை,
சிதம்பரம்
(ஊரார் வாயில் இப்போது 'முட்டை' சிதம்பரம்)