மூன்றாவது சுற்றில் படம் இல்லை

கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன். நேற்று மாலை சாலைக் கடைத்தெருவில் அதைத் திருப்பி வாங்கினேன். "ஷட்டர் தேய்ஞ்சுபோச்சு, புதுசு மாத்தியிருக்கு" என்றார் கடைக்காரர். வாசலில் நின்று, போகிற ஆட்டோ ஒன்றை நோக்கி அமுக்கிப் பார்த்தேன். சத்தம் வேறாக இருந்தது. பழைய ஷட்டர் கதவுத் தாழ்ப்பாள் விழுவதுபோல் ஒலிக்கும். இது மெல்ல, யாரோ நாக்கைச் சப்புக்கொட்டுவதுபோல். "சத்தம் கொறவுதான், நல்லதில்லையா?" என்றார். நல்லதுதான் என்றேன். உனக்குத் தெரிந்த சத்தம் அவருடைய கடைக் குப்பையில் கிடக்கிறது என்று அவரிடம் சொல்ல முடியவில்லை. கரமனை வரை நடந்தே வந்தேன். வந்ததும் உனக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் உங்கள் ஜிம்முக்கு முதலில் வந்தது உன்னைப் படமெடுக்க அல்ல. முன் கூடத்தில் எடை தூக்கும் பையன்கள் தங்கள் கைகளைப் படமெடுத்துத் தரச் சொல்லியிருந்தார்கள். வாரம் முழுவதும் அலுவலகத்தில் அடுத்தவர் கணக்கைச் சரிபார்க்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் மட்டும்தான் சொந்தம். "குத்தறதையும் தூக்கறதையும் போய் ஒரு பொண்ணு படம் எடுப்பாளோ?" என்று அம்மா கேட்டுக்கொண்டேயிருந்தாள். ஒருவன் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு முகம் சிவக்க நின்றிருந்தான். நான் வெளிச்சத்தைச் சரிசெய்ய நேரமெடுத்தேன். பின்னாலிருந்து உன் குரல் வந்தது. "எடீ, சீக்கிரம் எடு. அவன் மூச்ச விட்டான்னா அந்தக் கட்டிங்க எல்லாம் கரைஞ்சு போகும்." அவன் சிரித்தான். கட்டிகள் கரைந்துபோயின. திரும்பிப் பார்த்தேன். கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டே, பல்லால் அதன் நுனியைக் கடித்தபடி நீ நின்றிருந்தாய்.

பின் கூடத்தில்தான் குத்துச்சண்டை மேடை இருந்தது. நாம் எல்லோரும் மாஷ் என்று கூப்பிட்ட பயிற்சியாளர், கீழ்க் கயிற்றுக்கு அடியில் முழங்கையை ஊன்றிக்கொள்ள எனக்கு ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார். உனக்கும் ஷெரினுக்கும் அங்கே தினமும் பயிற்சிச் சண்டை நடக்கும். ஷெரின் வலியதுறைக்காரி, உன்னைவிட இளையவள், உன்னைவிட ஒரு எடைப் பிரிவு கீழே. நீ பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து இறங்கி வந்து, தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் இரவுப் பணி பார்த்தபடி, விடிந்ததும் நேராக ஜிம்முக்கு வருபவள். நான் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. நீ ஒருநாள் தண்ணீர்ப் புட்டியை நீட்டி, "கேமராவுக்குப் பின்னாடியே குடியிருக்கியே, வாடகை எவ்வளவு?" என்று கேட்டாய். அன்றிலிருந்து நாம் தோழிகள்.

குத்து விழுவதைக் கண்ணால் பார்த்தபின் அமுக்கினால் படம் கிடைக்காது. அது முடிந்துபோயிருக்கும். விழப்போகிறது என்று உடம்பு சொல்லும் கணத்தில் அமுக்க வேண்டும். உன் உடம்பு வலது குதிகாலில் சொல்லும். வலக்கை கிளம்புவதற்குச் சற்று முன்பு அந்தக் குதிகால் தரையிலிருந்து துளி எழும். அது எனக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து என் விரல் கற்றுக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் நீ சட்டென்று நின்றாய். பல்லுறையை வெளியே எடுத்தாய்.

"இப்ப எதுக்குடீ அமுக்கின?"

"நீ வலது கையால அடிக்கப் போனியே."

"போனேன். அடிச்சேனா?"

"இல்ல."

"ஏன் அடிக்கல? நீ அமுக்கினதும் இவ நகந்துட்டா."

"ஞானோ?" என்றாள் ஷெரின். நானா என்று கேட்கும் அவள் முகத்தில் உண்மையான வியப்பு.

நீ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் முன்னால் நின்றாய். "எப்ப தோணுதோ அப்ப அமுக்கு" என்று என்னிடம் சொன்னாய். கொஞ்சம் காத்திருந்து அமுக்கினேன். குத்தே வராத வெறுங்காற்றிலிருந்து ஷெரினின் தலை தானாக இடப்பக்கம் வழுக்கி விலகியது. பிறகு ஷெரின்தான் முதலில் சிரித்தாள், சிரிப்புத் தாங்காமல் மேடையிலேயே உட்கார்ந்தாள். "மணி அடிச்சா நாய்க்கு எச்சில் ஊறும்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம்லா, அது நீதான்டீ" என்றாய் நீ. என் விரல் உன் குதிகாலைக் கற்றிருந்தது, அவள் காது என் விரலைக் கற்றிருந்தது. மாஷ் என்னைக் கூடத்தின் அந்தக் கோடிக்கு அனுப்பினார். அதோடு வேடிக்கை முடிந்தது என்று நினைத்தோம்.

அந்த வருடம் ஷெரினுக்கு எடை ஏறியது. மாநில அணித் தேர்வில் அவள் உன் பிரிவுக்கே வந்துவிட்டாள். தேர்வின் கடைசிச் சண்டை உங்கள் இருவருக்கும்தான் என்று ஆனது. ஜெயிப்பவளுக்கு அணியில் இடம். அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வை நடத்தியவர்கள், பத்திரிகைக்குக் கொடுக்க இரண்டு மூன்று படம் வேண்டும் என்று என்னை மேடையோரம் உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் உன்னை லாட்ஜில் பார்க்க வந்தேன். வரவேற்பு மேசைக்குப் பின்னால், அறைச் சாவிகளைக் கொக்கிகளில் மாட்டிக்கொண்டிருந்தாய்.

"நாளைக்கு ஒரு உதவி செய்யணும்" என்றாய், திரும்பிப் பார்க்காமல். "நான் அடிக்காத நேரத்துல அமுக்கு. ஒரு தடவை போதும். அவ தலை எந்தப் பக்கம் போகும்னு எனக்குத் தெரியும்."

"அது கள்ளத்தனம் இல்லையா?"

"கேமரா அமுக்கக் கூடாதுன்னு எந்த ரூல்ல இருக்கு?"

"நான் ஒண்ணும் எடுக்காம சும்மா இருந்துடறேனே."

"நீ சும்மா இருந்தா அவளுக்கு நிம்மதி. நாளைக்கு அவளுக்கு நிம்மதி இருக்கக் கூடாது." இப்போது திரும்பினாய். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. "ஷெரினுக்கு அடுத்த வருஷம் இருக்கு, அதுக்கடுத்த வருஷமும் இருக்கு. இந்த ராத்திரி டூட்டிய வச்சிட்டு எனக்கு இன்னொரு வருஷம் முடியாதுடீ. போன வாரம் குத்துற பேக்கைக் கட்டிப்பிடிச்சிட்டு நின்னமேனிக்கே தூங்கிட்டேன். மாஷ் வந்து தோளைத் தட்டுனாரு."

யாரோ வந்து வெந்நீர் கேட்டார். நீ சிரித்த முகத்தோடு மலையாளத்துக்கு மாறினாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீ அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாய் என்பது மட்டும் தெரிந்தது.

தேர்வு நடந்த கூடத்தில் பார்வையாளர்களை விடவில்லை. மின்விசிறியின் ஓசை கேட்கும் அளவுக்கு அமைதி. ஒரே ஜிம்மிலிருந்து இருவர் மோதினால் பயிற்சியாளர் எந்த மூலையிலும் நிற்பதில்லை. மாஷ் இரண்டு மூலைகளுக்கும் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கைகளை மடியில் பூட்டி உட்கார்ந்திருந்தார். ஷெரின் முகத்தில் வாசலைன் மினுங்க என்னைக் கடந்துபோனாள். "சேச்சீ, என்னெ சதிக்கல்லே" என்றாள், அக்கா, என்னை ஏமாற்றிவிடாதே என்று. உதடு சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

முதல் சுற்றில் உன் குதிகால் எழுந்தது. என் விரல் என்னைக் கேட்கவில்லை, அமுக்கிவிட்டது. ஷெரின் வழுக்கி விலகி, இடக்கையால் உன் முகத்தில் கொடுத்தாள். விரல் அதையும் படமாக்கியது. இன்னொரு முறையும் அதேதான். மூன்றாவது முறை விரலைப் பிடுங்கி உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். நீ அவளுடைய தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை லாட்ஜ் மேசைக்குப் பின்னாலிருந்து நீ பேசியதையே பேசியது. சுற்று முடிந்தபோது நீ பின்தங்கியிருந்தாய் என்று எனக்கே தெரிந்தது.

இரண்டாவது சுற்றுபோல ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. நீ என் சத்தத்துக்காகக் காத்திருந்தாய். அவளும் என் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது மெய்யாக வருமா பொய்யாக வருமா என்று தெரியாமல் அவளுடைய கழுத்து விறைத்திருந்தது. இருவரும் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். கை நீளவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த யாரோ, "எந்தா, பெண்ணுகாணலாணோ?" என்று கேட்டார், பெண் பார்க்க வந்ததுபோல் நிற்கிறீர்களே என்று. மேடை நடுவர் சண்டையை நிறுத்தி இருவரையும் எச்சரித்தார். மறுபடி ஆரம்பித்தது. மறுபடி அதே சுற்றல். என் விரல் பொத்தான்மேல் இருந்தது. அமுக்கினால் உனக்கு ஒரு வாழ்க்கை திறக்கக்கூடும். மேடையில் உட்கார்ந்து சிரித்த ஷெரினின் முகமும் கூடவே வந்தது. என் மூச்சுப் பட்டுக் கேமராவின் கண்ணாடி மங்கியது. மணி அடிக்கும்வரை நான் எதையும் முடிவுசெய்யவில்லை.

இடைவேளையில் நீ ஸ்டூலில் உட்காரவில்லை. நேராக என் பக்கத்துக் கயிற்றுக்கு வந்தாய். பல்லுறையைத் துப்பிக் கையில் பிடித்துக்கொண்டாய்.

"அத மாஷ்கிட்ட குடு."

"எத?"

"கேமராவ. அவ பாக்குற மாதிரி குடு." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாய். "நீ கண்ணால பாரு."

கொண்டுபோய்க் கொடுத்தேன். மாஷ் அதை, யாரோ பிடித்துக்கொள்ளச் சொன்ன கைக்குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டார். எதிர் மூலையில் ஷெரின் அதைப் பார்த்தாள். அவள் தோள்கள் மெல்ல இறங்கின.

கேமரா இல்லாமல் பார்க்கும்போது மேடை இத்தனை பெரியது என்று அன்றுதான் கண்டேன். இருவரும் அடித்தீர்கள், வாங்கினீர்கள். அது சண்டையாக இருந்தது. நடுவில் அந்த ஒன்று வந்தது. குதிகாலிலிருந்து இடுப்புக்கு ஏறி, இடுப்பு திரும்பி, தோள் அதை வாங்கிக் கைக்குக் கொடுத்தது. அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, அதனால் ஷெரின் நகரவில்லை. தலைக்கவசத்தோடு அவள் முகம் திரும்பியது. குழல்விளக்கின் கீழே வியர்வை ஒரு கோடாகத் தெறித்தது. அப்படி ஒரு கணத்துக்காகத்தான் நான் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் கீழ்க் கயிற்றுக்கு அடியில் கிடந்தேன். என் இரண்டு கைகளும் என் முழங்கால்கள்மேல் இருந்தன.

நடுவர் ஷெரினின் கையைத்தான் உயர்த்தினார். மதிப்பெண் போட்டவர்களில் ஒரே ஒருவரின் தீர்ப்புதான் வித்தியாசம். முதல் சுற்று உன்னைக் கீழே இழுத்துவிட்டது. ஷெரின் இறங்கி வந்து உன்னைக் கட்டிக்கொண்டு, "செவி இப்பழும் மூளுந்நு" என்றாள், காது இன்னும் ரீங்கரிக்கிறது என்று. காதைத் தடவினாள். "மூளட்டும்டீ" என்றாய். "ஜெயிச்சவளுக்கு ஒரு பாட்டு வேண்டாமா?"

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வீங்கிய கன்னத்தில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டிருந்தாய். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"அவ என்னைப் பாக்கல. நானும் அவளைப் பாக்கல. ரெண்டு பேரும் உன் விரலப் பாத்துட்டு நிக்கோம். அதுக்கா இத்தனை வருஷம் ஓடுனேன்?" கொஞ்ச தூரம் போனபின், "தோத்தா அது என் தோல்வியா இருக்கணும், கேட்டியா" என்றாய். தம்பானூரில் இறங்கி இரவுப் பணிக்குப் போனாய்.

முடியாது என்று சொன்ன அந்த இன்னொரு வருடத்தையும் நீ ஓட்டிப் பார்த்தாய். மாஷ் உனக்குக் காலைப் பெண்கள் வகுப்பைக் கொடுத்தார். அடுத்த தேர்வு என்று மறுபடி பேச ஆரம்பித்திருந்தாய். மழை வந்தது. தம்பானூரில் எப்போதும்போல முழங்கால் அளவு தண்ணீர், எப்போதும்போல அதற்குள் நடந்துதான் நீ லாட்ஜிலிருந்து ஜிம்முக்கு வந்தாய். கெண்டைக்கால் வலிக்கிறது என்றாய். "ஸ்கிப்பிங் கூடிப்போச்சு" என்று ஐஸ் வைத்தாய், தைலம் தேய்த்தாய், மறுநாளும் கயிறு தாண்டினாய். அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் எங்கேயாவது வலிக்கும். அங்கே வலி என்றால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். காய்ச்சல் ஏறி, கண் மஞ்சளானபின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலிக்காய்ச்சல் என்றார்கள், எலிக் கழிவு கலந்த மழைத்தண்ணீரிலிருந்து வருவதாம். அது கெண்டைக்காலிலும் வலிக்கும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டோம். சிறுநீரகம் அதற்குள் கைவிட்டிருந்தது.

உன் காரியத்தன்று விதுரா தாண்டி, கொண்டையூசி வளைவுகள் ஏறி உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மாவுக்காகப் படங்களை அச்சுப்போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நீ சண்டை போட்டு அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. லயத்து வாசலில் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேர்வுநாள் படங்கள் வந்தபோது கை நின்றது.

"இது அன்னைக்குத் தோத்த சண்டைதான பாப்பா?"

"ஆமாம்மா."

"இதுல எல்லாம் இவதான வாங்குறா." மறுபடி முதலிலிருந்து பார்த்தார். "எம்புள்ள ஒண்ணுகூடத் திருப்பி அடிக்கலயா?"

"அடிச்சா."

"எங்க?"

"அதுக்குப் படம் இல்லம்மா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாலு பேர் நடுவில் எழுந்து நின்று பேசியவள்கூட அல்ல. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசல் நடுவில் கால்களை அகட்டி நின்றேன். நீ எப்படிச் செய்தாயோ அப்படியே செய்தேன். பாதி வழியில் கால் தடுமாறியது. யாரும் சிரிக்கவில்லை. என் கை காற்றில் நீண்டு நின்றது. உன் அம்மா அதன் நுனியில், ஷெரினின் முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார்.

"பட்டுச்சா?"

"நல்லாப் பட்டுச்சும்மா. அவளுக்குக் காது ரொம்ப நேரம் கேக்கல."

அவர் படங்களை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"இன்னொருக்கா காட்டு" என்றார். "மெதுவா."

மெதுவாகக் காட்டினேன். இப்போதும் வீட்டில் யாரும் இல்லாதபோது அதைச் செய்துபார்க்கிறேன், மறந்துவிடாமல் இருக்க. இடுப்பு எங்கே திரும்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். தோள் எப்போது வாங்க வேண்டும் என்றும் தெரியும்.