மூடியைத் திறக்காதீர்கள்

மார்ச் 1, வெள்ளி

வாண்டின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே நமக்குள் சண்டை மூண்டுவிடுகிறது. வாண்டு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். இனி எதுவானாலும் எழுதி, அவள் பையில் தண்ணீர் பாட்டில் வைக்கும் இடத்தில் செருகிவிடுவோம். பத்து வயதுக்காரிக்கு இது பெரிய உத்தியோகம். "நான்தான் தபால்காரி, எனக்குச் சம்பளம் உண்டா?" என்று இப்போதே அதட்டுகிறாள்.

ஞாயிறு எனக்கு ஆபரேஷன் தியேட்டரில் டூட்டி, போன் நாளெல்லாம் லாக்கரில் கிடக்கும். அதனால்தான் சனி மாலையிலிருந்து அவள் உங்களிடம் இருக்கிறாள். ஆனால் போன வாரம் காலையில் பிரெட், மதியம் பிரெட், சாயங்காலம் ஜாம் தடவிய பிரெட்டாம். என் வக்கீலம்மா காதில் விழுந்தால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

இத்தோடு வரும் அட்டைப் பெட்டியில் ஒரு ஸ்லோ குக்கர் இருக்கிறது, கரண்டில் மெதுவாக வேகவைக்கும் சட்டி. நான் புதிது வாங்கிவிட்டேன், இது பழையது, பாந்தமாக வேலை செய்யும். வதக்க வேண்டாம், கிளற வேண்டாம். எல்லாவற்றையும் பச்சையாகப் போடுங்கள், மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றுங்கள், 'லோ'வில் வையுங்கள். காலை ஐந்து மணிக்கு வைத்தால் மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு. நடுவில் மூடியைத் திறக்காதீர்கள். உங்களுக்கு அதுதான் கஷ்டம்.

இப்படிக்கு,
வாண்டின் அம்மா


மார்ச் 3, ஞாயிறு

வாண்டின் அம்மாவுக்கு,

பெட்டி வந்தது, நன்றி. "வாண்டின் அப்பாவுக்கு" என்று எழுதுகிறாயே, வீட்டு வரி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. பதினோரு வருஷமாக என்னை 'அவசரக்குடுக்கை' என்றுதானே கூப்பிட்டாய். திட்டாகவே இருந்தாலும் அது என் பெயராகிவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீசரில் இருந்த கோழியை அப்படியே எடுத்துப் போட்டேன். மூடியையும் திறந்தேன். ஒரு தடவை இல்லை, பத்துப் பதினைந்து தடவை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. இருபது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன், பேனலைக் கழற்றிப் பார்த்துத்தான் பழக்கம். கோழி எலும்போரம் சிவப்பாகத்தான் இருந்தது. "பரவாயில்லப்பா, நல்லாத்தான் இருக்கு" என்று தின்றுவிட்டாள். உன் பிள்ளை பெரிய மனசுக்காரி.

இப்படிக்கு,
அவசரக்குடுக்கை


மார்ச் 8, வெள்ளி

வாண்டின் அப்பாவுக்கு,

பெரிய மனசுக்காரி திங்கட்கிழமை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். "அப்பாவைத் திட்டாதம்மா, நான்தான் ரெண்டு ஐஸ்கிரீம் தின்னுட்டேன்" என்று பொய் வேறு. பொய் சொல்லும்போது அவள் காதைத் தடவுவாள், உங்களை மாதிரியே.

நான் கோபத்தில் எழுதவில்லை, நிதானமாகத்தான் எழுதுகிறேன். இன்னொரு முறை உங்கள் வீட்டுச் சாப்பாட்டால் அவள் படுத்தால் ஞாயிற்றுக்கிழமை நின்றுவிடும். டூட்டியை மாற்றிக்கொள்வேன். வக்கீலம்மாவும் அதற்கான மனுவை எழுதித் தயாராக வைத்திருக்கிறார்.

கோழியை முந்தின நாளே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மூடியைத் தொடவே தொடாதீர்கள். புதிதாக எதைப் போடுவதாக இருந்தாலும் முந்தின வாரமே எழுதிக் கேளுங்கள், வெள்ளிக்கிழமை பதில் போடுகிறேன்.

வாண்டின் அம்மா


மார்ச் 10, ஞாயிறு

வாண்டின் அம்மாவுக்கு,

ஜெயித்துவிட்டேன்! பருப்பு, கேரட், உருளைக்கிழங்கு. மூடியைத் தொடவில்லை. என் கை போய்விடக் கூடாது என்று வாண்டு மூடி மேல் "ஆபத்து, தொடாதே" என்று எழுதி ஒட்டிவிட்டாள். என் டூல்பாக்ஸிலிருந்து எடுத்த மஞ்சள் டேப்.

மறைக்காமல் சொல்கிறேன், இந்தச் சட்டியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். விசில் இல்லை, கொதி இல்லை. சத்தம் போடுகிற லிஃப்டுக்கு நான் பயப்படவே மாட்டேன், கோளாறு எங்கே என்று அதுவே சொல்லிவிடும். சத்தமே இல்லாமல் ஓடுகிறதே, அதை நம்பி உள்ளே கால் வைக்கத் தயங்குவேன். அதே மாதிரிதான் அடுப்படியில் எட்டு மணி நேரம் இது உட்கார்ந்திருந்தது. ஆனால் பருப்பு வெண்ணெயாக வெந்திருந்தது போ! அவள் தட்டை வழித்து நக்கினாள்.

அவசரக்குடுக்கை


மார்ச் 15, வெள்ளி

வாண்டின் அப்பாவுக்கு,

சந்தோஷம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவளைக் கவனித்தேன், நன்றாக இருக்கிறாள். "அப்பா வீட்டுல சாப்பாடு மெதுவா வேகுது, அப்பாவும் மெதுவாயிட்டார்" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

பயந்து பயந்து எழுத வேண்டாம், கடிதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஜாக்கிரதையாக மட்டும் இருங்கள்.

வாண்டின் அம்மா


மார்ச் 17, ஞாயிறு

வாண்டின் அம்மாவுக்கு,

இன்றைக்குக் கோழி, பூப்போல வெந்தது. இனி யாராவது எனக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்லட்டும், பார்க்கலாம்! எதிர் ஃப்ளாட் டெய்லரக்கா ஒரு கிண்ணம் வாங்கிப் போய், கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டு, "வீட்டம்மா திரும்பி வந்துட்டாங்களா?" என்று கேட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த வாரம் ராஜ்மா போடலாம் என்று இருக்கிறேன். வாண்டு கேட்டாள். நீ சொன்னபடி முன்கூட்டியே எழுதிவிட்டேன், பார்த்தாயா.

அவசரக்குடுக்கை


மார்ச் 24, ஞாயிறு
பிற்பகல் இரண்டு மணி

வாண்டின் அம்மாவுக்கு,

ராஜ்மா பிரமாதம். ராத்திரி ஊறவைத்து, காலை ஐந்து மணிக்குப் பச்சையாகப் போட்டு, லோவில் வைத்து, எட்டு மணி நேரம் மூடியைத் தொடவில்லை. கொஞ்சம் கடிபடுகிற மாதிரி இருந்தது, அதுவும் ருசிதான். வாண்டு இரண்டு கிண்ணம். நான் ஒன்றுதான், அவளுக்கு மிச்சம் வைத்தேன்.

ஒன்று சொன்னால் திட்டாதே. உன் கடிதத்தை நான் இன்னும் பிரிக்கவில்லை. நேற்று வந்ததும் வராததுமாக வாண்டு நீட்டினாள். "அம்மா முதல்ல படிக்கச் சொன்னாங்கப்பா" என்றாள். "இந்தத் தடவை அப்பா பிட் அடிக்காம பரீட்சை எழுதப் போறேன். சமைச்சு, சாப்பிட்டு, அப்புறம் பிரிப்போம்" என்றேன். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கடிதம் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் ஒரு சமையல் செய்து முடித்தேன் என்று உனக்கு எழுத வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

அவள் படுத்திருக்கிறாள். வயிறு முட்டச் சாப்பிட்ட அசதி.

மூன்றே கால்

இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். "ஒண்ணுமில்லப்பா" என்கிறாள், காதைத் தடவிக்கொண்டே.

மூன்றே முக்கால்

இப்போது ஐந்தாவது முறை. வெறும் தண்ணீராக வருகிறது. கை கால் சில்லென்று இருக்கிறது. எனக்கும் குமட்டுகிறது. உனக்கு நாலு தடவை போன் அடித்தேன், லாக்கரில் மணி அடித்துக்கொண்டிருக்கும். டாக்ஸிக்காரன் பத்து நிமிடம் என்கிறான். டெய்லரக்கா அவளை மடியில் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை, அதனால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐயோ, நான் எல்லாம் சரியாகத்தானே செய்தேன்.

நீ நர்ஸாயிற்றே, வயிற்றுக்கு ஏதாவது கொடுக்கச் சொல்லி எழுதியிருப்பாயோ? உன் கடிதத்தைப் பிரிக்கிறேன்.


மார்ச் 22, வெள்ளி

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

முதலில் இதைப் படியுங்கள். ராஜ்மாவை மட்டும் பச்சையாக அந்தச் சட்டியில் போடவே கூடாது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் ஊற்றி, அடுப்பில் பத்துப் பதினைந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் போட வேண்டும். அதில் ஒரு விஷம் இருக்கிறது. கொதியில்தான் அது சாகும். லோவில் அந்தச் சூடு வராது, வெதுவெதுப்பில் விஷம் ஏறத்தான் செய்யும். எங்கள் வார்டுக்கு ஒருமுறை ஒரு குடும்பமே வந்தது.

எல்லாவற்றையும் பச்சையாகப் போடுங்கள் என்று எழுதியவள் நான்தான். இதைச் சேர்த்துச் சொல்லாதது என் தப்பு. போன் செய்யலாம் என்று எடுத்தேன். மூன்று வாரமாகச் சண்டையில்லாமல் போகிறது, ஒரு போனில் அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. எழுதினால் போதும், என் கடிதத்தைப் படிக்காமல் நீங்கள் அடுப்படிக்குள் போக மாட்டீர்கள். போனதும் கொடு, முதல்ல படிக்கச் சொல்லு என்று தபால்காரியிடமும் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. வக்கீலம்மாவிடம் அந்தக் காகிதத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த வார ஞாயிறு எனக்கு டூட்டி இல்லை. நீங்களும் உங்கள் சட்டியும் அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று வந்து பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

வாண்டிடம் சொல்லாதீர்கள், குதிப்பாள். மூன்றாவது தட்டை மட்டும் எடுத்துக் கழுவி வையுங்கள்.

உங்கள்,
நான்தான்