ஜாமீன் ஒன்பது நாள் பொறுக்கட்டும்

மார்ச் 4, 1996. திங்கள்

காலையிலேயே வெயில். மாராத்தாளுக்கு ஜாமீன்! நானே எழுதிய முதல் மனு. சீனியர் ஒரு வரிகூடத் திருத்தவில்லை. கோர்ட் வாசலில் கரும்புச்சாறு, தனியாக.

வேலை: உத்தரவு நகல். பிணைக்கு அந்தியூரிலிருந்து அவள் அண்ணன், கூட இன்னொருவர். நில வரி ரசீதோடு வரச் சொல்லித் தந்தி.

கொழுந்தனை அரிவாளால் வெட்டிய வழக்கு. அவன் பிழைத்துக்கொண்டான். இவள் எட்டு மாதமாக உள்ளே.

மார்ச் 6, புதன்

ஜெயில். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மாராத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். விரல்விட்டு நாள் எண்ணினாள்.

"பதினஞ்சாந்தேதி தையல் பரீட்சைங்க அம்மணி. ஒம்பது நாளு. ஜாமீன் பொறுக்காதுங்களா?"

"வெளியே வந்து எழுதலாமே?"

"வெளிய எட்டாவது பாஸ் கேப்பாங்க. நான் மூணாவது. உள்ள இருக்கறவங்களுக்குத்தானுங்க அது வேண்டாம்."

விசாரித்தேன். சரிதான்.

ஆபீஸில் அவளுடைய பழைய மனுவை எடுத்துப் பார்த்தேன். தையல் வகுப்பு தண்டனைக் கைதிகளுக்கு மட்டும் என்றார்களாம். நீதிபதிக்கு அவளே எழுதியிருக்கிறாள்: 'தண்டனை கிடைத்தவளுக்குச் சொல்லித் தருகிறீர்கள். தண்டனையே கிடைக்காத எனக்கு ஏன் இல்லை?' அனுமதி கிடைத்திருக்கிறது. உரிமை பற்றி எத்தனை தடிப் புத்தகம் படித்தேன். இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை.

மார்ச் 7, வியாழன்

சீனியர்: "முப்பது வருசத்துல, ஜாமீன் வேண்டாங்கற கட்சிக்காரர இப்பத்தான் பாக்கறேன். நீ ஒழுங்காச் சொன்னியா கண்ணு?" அப்புறம் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்தார். "சரி. பிணைப் பத்திரத்த பதினெட்டாந்தேதி தாக்கல் பண்ணு. பிணைக்காரங்க அன்னிக்கு கோர்ட்ல நேர்ல நிக்கணும்."

மார்ச் 8, வெள்ளி

அண்ணன் வந்தார், பிணைக்கு இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு. "ஏனுங்க வக்கீலம்மா, அவளுக்குப் பைத்தியம் புடிச்சுப்போச்சுங்களா? இன்னிக்கின்னா கையெழுத்துப் போடறேன். இன்னொருக்கா எம்பொண்டாட்டி உடமாட்டா."

ஜெயிலுக்கு அழைத்துப் போனேன். வலைக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினார். பிணை இல்லாவிட்டால் வழக்கு முடியும்வரை உள்ளேதான் என்று நானும் சொன்னேன்.

"தெரியுங்க அம்மணி." அண்ணனிடம், "சாப்ட்டுப்போட்டு பஸ் ஏறு."

அவ்வளவுதான். நானாக இருந்தால் அன்றே கதவைத் தாண்டியிருப்பேன்.

மார்ச் 12, செவ்வாய்

அண்ணனுக்கு இரண்டாவது கடிதம், பதினெட்டாம் தேதி வரச் சொல்லி. தலைவலி. நூலகப் புத்தகம் திருப்பித் தரவில்லை.

மார்ச் 15, வெள்ளி

மேகமூட்டம், புழுக்கம். நாலு மணிக்கு ஜெயில். பரீட்சை முடிந்திருந்தது. ஒரு ரவிக்கை, வெட்டுவதிலிருந்து கொக்கி வரை.

"கழுத்து வெட்டறப்ப ரெண்டு தடவ அளந்தேனுங்க. அப்புறம் கத்திரி நிக்கலீங்க."

தேர்வாளர் ரவிக்கையை உள்பக்கம் திருப்பி, ஒவ்வொரு தையலாகப் பார்த்தாராம்.

அண்ணனிடமிருந்து பதில் இல்லை என்றேன். திங்கட்கிழமை தாக்கல் செய்யப் பிணைக்கு ஆளே இல்லை என்றேன். தலையாட்டினாள். வலையில் முகத்தை வைத்து என்னையே பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. உங்க ஜாக்கெட்டுல எடது தோளு எறங்கியிருக்குதுங்க. ஆரு தெச்சது?"