துணி துவைக்கும் முறை

மார்ச் 2

அன்புள்ள வாலுக்கு,

போனில் பேச முடியாது, உன் அண்ணன் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பார். அதனால்தான் கடிதம். கூடவே ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். அதில் ‘துணி துவைக்கும் முறை’ என்று ஒரு ஃபைல் இருக்கும். துணியும் இல்லை, துவைப்பதும் இல்லை. மூன்று வருஷமாக நான் ஒளித்து ஒளித்து எழுதும் நாவல். சிரிக்காதே!

கண் ஆபரேஷனுக்குப் பிறகு கம்ப்யூட்டரைப் பத்து நிமிஷம் பார்த்தால் கண்ணில் நீராகக் கொட்டுகிறது. பத்தொன்பது அத்தியாயம் முடிந்திருக்கிறது. முழுக்க ஒருதரம் படித்தால்தான் மேலே எழுத வரும். கண்ணை உறுத்தாது என்று அவர் வாங்கிக் கொடுத்த, புத்தகம் படிக்கும் இ-ரீடரில் எழுத்தைப் பெரிதாக்கினாலோ, ஒரு வரி முழுசாக, அடுத்த வரியில் ஒற்றைச் சொல்லாக உடைந்து வருகிறது. நீ அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவள். சரிபண்ணித் தாயேன்.

உன் அண்ணனிடம் மூச்சு விடாதே. கல்யாணமான புதிதில் என் கவிதையை விருந்தாளிகள் முன்னால் ராகம் போட்டுப் படித்துச் சிரித்தவர். இன்னொரு தரம் தாங்க மாட்டேன்.

உன் அண்ணி

மார்ச் 9

எழுத்தாளர் அண்ணிக்கு,

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை! மேனேஜர் வந்து பக்கத்தில் நின்றதுகூடத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

டைப்பிஸ்ட் வேலையை விட்டு இருபது வருஷமாகியும் உங்கள் காதில் வரி முடிந்ததும் அடிக்கும் அந்த டைப்ரைட்டர் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது போல. வரிக்கு வரி என்டர் தட்டியிருக்கிறீர்கள்! எழுத்து எவ்வளவு பெரிதானாலும் வரி அங்கேதான் முறியும். நல்லவேளை, பத்திக்குப் பத்தி ஒரு வெற்று வரி விட்டிருந்தீர்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற என்டரையெல்லாம் எடுத்து ஒட்டிவிட்டேன். அத்தியாயங்களுக்கு ஒரு பட்டியலும் போட்டிருக்கிறேன், தொட்டால் நேரே அங்கே போய் நிற்கும்.

முன்பக்கம் மொட்டையாக இருந்தது, மனசு கேட்கவில்லை. ‘பெட்டியோடு நிற்கிறவள்’ என்று பெரிதாகத் தலைப்பு வைத்து, கீழே உங்கள் முழுப்பெயரையும் போட்டு உங்கள் இ-ரீடருக்கே மெயிலில் அனுப்பிவிட்டேன். ஐயோ அண்ணி, உங்கள் கதாநாயகி புருஷனை விட்டுக் கிளம்பி பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாளே, ஏறுவாளா மாட்டாளா?

உங்கள் வாலு

மார்ச் 13

வாலு,

கெடுத்தாயே காரியத்தை! இ-ரீடர் உன் அண்ணன் அக்கவுன்ட்டில் இருக்கிறது. அதில் வருவதெல்லாம் அவர் போனிலும் வரும். பழைய பெயரில் இருந்திருந்தால் ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டார். “இதென்ன, உன் பேர் போட்டு ஒரு புக் வந்திருக்கு?” என்று கேட்டுவிட்டு, போனோடு பல் டாக்டரிடம் போயிருக்கிறார். அந்தப் புருஷன் யாரென்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுமே! உன்னோடு எனக்குப் பேச்சே இல்லை.

அண்ணி

மார்ச் 17

அண்ணி,

புத்தி கெட்டது எனக்குத்தான். முன்பக்கத்தை எடுத்துவிட்டேன். சொன்னீர்களென்றால் துணி துவைக்கும் முறையாகவே திரும்ப அனுப்புகிறேன். திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

வாலு

மார்ச் 21

அன்புள்ள வாலுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. பல் டாக்டர் கூப்பிட்டும் இவர் எழுந்து போகவில்லையாம். பல்லைப் பிடுங்காமலே திரும்பி வந்தார்! அதற்குப் பிறகு ஒரு வாரம் நாவலைத்தான் படித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுத் தட்டின் பக்கத்திலும் போன்தான்.

நேற்று சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“அன்னிக்கு நான் சிரிச்சது... அவ்வளவு வலிச்சுதா?”

மூன்றாம் அத்தியாயத்தில் அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேனே! “ஆமா” என்றேன்.

“அவ பஸ் ஏறிடுவாளா?”

“ஏறுவா.”

வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். அப்புறம், “பெட்டி கனமா இருக்குமே, யாராவது தூக்கி வைக்கணுமே” என்றார்.

கண்ணைக் கலங்க விடக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். யார் கேட்டது!

இன்று காலையிலிருந்து நான் சொல்லச் சொல்ல அவர் ஒற்றை விரலால் இருபதாம் அத்தியாயத்தைத் தட்டுகிறார். வரிக்கு வரி என்டர் போடாதீங்க என்று நான்தான் அதட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் ஏறத்தான் போகிறாள், அவருக்கும் தெரியும், ஆனாலும் தட்டுகிறார்.

அந்த முன்பக்கத்தைத் திரும்ப வைத்துவிடு. என் பேர் இருக்கட்டும்.

உன் அண்ணி