ஆஸ்பத்திரியில் நான் சொல்லாத பெயர்

என் ஆசை மச்சானுக்கு,

உங்கள் மாமன் மகள் சொல்லச் சொல்ல, நம் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரின் சம்சாரம் இதை எழுதுகிறார். எனக்கு எழுதப் படிக்க வராது என்பது உங்களுக்குத் தெரியாததா? என் கொச்சைப் பேச்சைத் திருத்தி நல்ல தமிழில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நடுவில் நான் அழுதால் அதை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

மகன் பிறந்திருக்கிறான், மச்சான். நீங்கள் போய் மூன்றாம் மாதம் பிறந்தான். இப்போது இரண்டு மாதக் குழந்தை. இடது காது உங்களுக்கு இருந்தது போலவே நுனியில் மடிந்திருக்கிறது. நிறம் மட்டும் என் நிறம். அதற்கு நீங்கள் ஏதாவது கேலி சொல்லியிருப்பீர்கள்.

பால்மரமெல்லாம் இலை உதிர்த்து நிற்கிறது. வெட்டினால் பால் சரியாக இறங்குவதில்லை. பிள்ளை பெற்ற உடம்பு என்று பார்க்காமல் முப்பது நாள் கழிந்ததும் என்னையும் வேலைக்கு அழைத்துவிட்டார்கள். விடியும் முன் குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் காலைப் பெரட்டு வரிசையில் போய் நிற்கிறேன். கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடும்போது உங்கள் பெயர் வரவேண்டிய இடம் வந்ததும் என் காது தானாகவே தீட்டிக்கொள்கிறது. அவர் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்.

முப்பதாம் நாள் தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்தோம். தகப்பன் போன பிறகு பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் பெயர்தான் என்று உங்கள் அண்ணன் சொன்னார். அவரே குனிந்து பிள்ளையின் காதில் உங்கள் பெயரை மூன்று தடவை சொன்னார். நம் மேலூர்ப் பக்கத்து அம்மன் பெயர். இங்கே பேராக்கில் அது யாருக்குத் தெரியும்? எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் புரிந்தது, பெற்ற பிள்ளையை நான் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது என்று. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. பிள்ளைக்கும் அதே பெயர். 'சாமி', 'ராசா', 'தம்பி' என்று ஆயிரம் சொல்லி அழைக்கிறேன், அது ஒன்றைத் தவிர.

லயத்து வரிசை வீடுகளில் எனக்கு வாயாடி என்று பெயர். கங்காணியிடம் எதிர்த்துப் பேசியவள், தண்ணீர்க் குழாயடியில் நாலு பேரைத் தனியாகச் சமாளித்தவள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நீங்களே என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். உங்கள் பெயர் விஷயத்தில் மட்டும் நான் ஊமை. ஒருநாள் ஈப்போவிலிருந்து திரும்பும்போது லகாட் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்தோமே, நினைவிருக்கிறதா? ரோட்டில் யாரும் இல்லை. "ஒரே ஒரு தடவ என் பேரைச் சொல்லு புள்ள, கேப்போம்," என்றீர்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன். "இங்க ஒரு பய என் பேரை ஒழுங்காக் கூப்புடுறதில்ல. தெரிஞ்ச நீயும் கூப்புட மாட்டேங்குற," என்று பின்னாலிருந்து சொன்னீர்கள்.

நீங்கள் சொன்னது உண்மைதான். துரை ஒரு மாதிரி கூப்பிட்டார், கிராணி ஒரு மாதிரி கூப்பிட்டார். கடைக்காரச் சீனர் பாதிப் பெயரோடு நிறுத்திக்கொள்வார். லயத்தில் எல்லாருக்கும் நீங்கள் மேலூரான். எதற்கும் நீங்கள் "ஐயா" என்று பதில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

இப்போது ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்ல வேண்டும். இத்தனை நாளாக யாரிடமும் முழுவதும் சொல்லவில்லை. உங்கள் அண்ணனுக்கும் பாதிதான் தெரியும்.

காய்ச்சல் இறங்காமல் உங்களை மாட்டுவண்டியில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் நான் பக்கத்து வீட்டு அஞ்சலையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தேன். உங்கள் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் வந்து சேரும்போது நடுப்பகல். நாலு மணிக்குத்தான் ஆட்களை உள்ளே விடுவார்களாம். அதற்கு முன்னால் போவதென்றால் நோயாளியின் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்க வேண்டுமாம்.

மேசையில் இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல மாதிரி. "உங்கட தோட்டத்து ஆக்கள் மட்டும் ஒன்பது பேர் காய்ச்சலோட கிடக்கினம், அம்மா. பேர் என்ன?" என்று கேட்டார்.

நான் அஞ்சலையைப் பார்த்தேன். அவளுக்கு உங்கள் சரியான பெயர் தெரியவில்லை. "மேலூரண்ணேங்க," என்றாள். அப்படி ஒருவரும் புத்தகத்தில் இல்லை என்றார் அவர்.

"எங்க வீட்டுக்காரருங்க," என்றேன்.

"அது விளங்குது. பேரைச் சொல்லுங்கோ."

"எங்க ஊரு அம்மன் பேருங்க. கஞ்சிக்கு இல்லாதவங்களக் காப்பாத்துற அம்மன்."

அவர் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "மாரிமுத்துவோ? தீனதயாளனோ?" என்று கேட்டுப் பார்த்தார். நான் இல்லை இல்லை என்று தலையாட்டினேன். அஞ்சலை என் முழங்கையைக் கிள்ளி, "சொல்லித் தொலையேன் அக்கா, யாரு கேக்கப் போறா?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனிவரை வந்தது. புருஷன் பெயர் பொண்டாட்டி வாயில் வந்தால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தானே என்னை வளர்த்தார்கள்? நல்ல உடம்போடு இருக்கும்போதே சொல்லாதவள், நீங்கள் காய்ச்சலில் கிடக்கும்போதா சொல்வேன்? உங்கள் உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவரே பொறுமையாக அந்த ஒன்பது பெயரையும் புத்தகத்தைப் பார்த்துப் படித்தார். இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் வாசித்தார். ஆறாவதோ ஏழாவதோ, "எலகட்டன்," என்றார். நான், "இல்லிங்க," என்றேன். எனக்கு அது யாரோ ஒருவர் பெயராகத்தான் கேட்டது. ஒன்பதும் முடிந்தது. "அப்ப நாலு மணிமட்டும் இருங்கோ அம்மா, உள்ள போய்த் தேடலாம்," என்றார். வெளியே மரத்தடியில் உட்கார்ந்தோம். அஞ்சலை கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டேன். நான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

நாலு மணிக்கு உள்ளே போய் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தோம். உங்கள் துண்டு ஒரு கட்டில் கம்பியில் கிடந்தது. கட்டிலில் நீங்கள் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் வேறு தோட்டத்துப் பெரியவர். "இப்பத்தாம்மா கொண்டு போனாங்க. மூணு மணி வரைக்கும் நெனப்பு இருந்துச்சு. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு," என்றார்.

கட்டில் தலைமாட்டு அட்டையில் இருந்த பெயரை அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை வந்து வாசித்தார். எலகட்டன். உங்களை 'இல்லை' என்று சொன்னது நான்தான், மச்சான். அவர் சரியான ஆளைத்தான் கூப்பிட்டார். நான்தான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

இந்தப் பாரத்தோடு இருக்கும்போதுதான் பிள்ளையின் பெயர் பிரச்சினை வந்தது. பெயரைக் கேட்டுப் பெரட்டில் சிரிக்கிறார்கள். கொட்டகை ஆயா அவனை 'எலிக்குட்டி' என்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. போன வாரம் தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிரெசர் குழந்தைகளுக்கு அம்மை குத்த வந்தார். தாள் ஒன்றைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டிருக்கிறார். நம் பிள்ளையின் முறை வந்தபோது என்ன சொல்லிக் கூப்பிட்டாரோ, ஆயாவுக்குப் புரியவில்லை. யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. மற்ற குழந்தைகளுக்கெல்லாம் குத்தியாயிற்று, இவன் மட்டும் விட்டுப்போனான். மலைக்காட்டில் பால்வெட்டு வேலை முடிந்து வந்து நான் கேட்டால், "அப்படி ஒரு பேரு கூப்புடவே இல்லியே," என்கிறாள் ஆயா.

அன்று உங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"பேரை மாத்திருவோம் ஆத்தா," என்றார். "நான்தான் வெச்சேன், நானே சொல்றேன். ராமன்னு வெப்போம். தொரைக்கும் வாயில வரும், சீனனுக்கும் வரும், மலாய்க்காரனுக்கும் வரும். அந்தப் பேராலதான் என் தம்பி தேடுவாரில்லாமக் கெடந்து செத்தான். இவனும் அப்படிப் போவணுமா?"

அவர் சொல்வதில் என்ன தப்பு? சரி என்றுதான் தலையாட்டினேன். பிறப்பைப் பதிகிற தாள் கிராணியிடம் எழுதாமலே கிடந்தது. அந்த வாரம் அவர் டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் உங்கள் அண்ணனும் ஆபீசுக்குப் போனோம்.

"நல்லா யோசிச்சிக்கிட்டிங்களா? சூராட்டுல ஒரு தடவ ஏறிட்டா அப்பறம் மாத்த முடியாது," என்றார் கிராணி. காகிதத்தைத்தான் அவர் சூராட் என்பார். "ராமன்தானே?"

"எழுதுங்க ஐயா," என்றார் உங்கள் அண்ணன்.

கிராணி பேனாவைத் தொட்டு எழுதப் போனவர் நிமிர்ந்து, "மொதல்ல அப்பன் பேரு," என்றார்.

உங்கள் அண்ணன் தொண்டையைச் செருமினார். என் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். அந்த மேசையும் பேனாவும் கிராணி நிமிர்ந்து பார்த்த பார்வையும் எல்லாம் ஆஸ்பத்திரியில் பார்த்தது போலவே இருந்தது. பெயர் என்ன குற்றம் செய்தது? கூப்பிடத் தெரியாதவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் தெரிந்தவள் ஒருத்தி அங்கே நின்றுகொண்டிருந்தாளே. அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்காக இந்தப் பிள்ளையின் பெயரை எடுத்தால், உங்களை இன்னொரு தடவை 'இல்லை' என்று நான் சொன்னதாகத்தானே ஆகும்?

"ஏழைகாத்தான்," என்றேன்.

உங்கள் அண்ணன் சட்டென்று என் பக்கம் திரும்பினார். கிராணி எழுதிக்கொண்டே, "புள்ள பேரு ராமன்," என்றார்.

"இல்லிங்க. புள்ள பேரும் அதான். ஏழைகாத்தான்."

"எலகாத்தன்," என்றார் கிராணி.

"அப்படி இல்லிங்க. ஏழைகாத்தான்."

"எல்லாம் ஒண்ணுதான்மா."

"ஒண்ணில்லிங்க," என்றேன். மறுபடியும் சொன்னேன். அவர் வாயில் கொஞ்சம் பக்கத்தில் வந்தது, முழுவதும் வரவில்லை. கடைசியில் என்ன எழுதினாரோ, எனக்குப் படிக்கத் தெரியாது. நான் மொத்தம் ஆறு தடவை சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை. குறைவதற்கு உங்களிடம் ஆயுசும் மிச்சமில்லை.

வெளியே வந்ததும் உங்கள் அண்ணன் என் முன்னால் நடந்தார். லயத்துத் திருப்பத்தில் நின்றார். கோபமாகத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"இந்த வாய் அன்னைக்கு எங்க ஆத்தா போச்சு?" என்று மெல்லக் கேட்டார்.

மரத்தடியில் நான் சோறு தின்ற நேரத்தில் நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது, மச்சான்?

மறுநாள் டிரெசரைத் தேடிப் போய்ப் பிள்ளைக்கு அம்மை குத்த வைத்தேன். ஆயாவிடமும் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். அவள் இன்னும் எலிக்குட்டி என்றுதான் கூப்பிடுகிறாள். காலையில் கொட்டகையில் விடும்போது நான் வாய்விட்டு உங்கள் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிடுகிறேன். கூட இருக்கும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவன் மட்டும் திரும்பிப் பார்க்கிறான். நீங்கள் ஆசைப்பட்டுக் கேட்டதை அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஒரு சத்தியம் செய்கிறேன், கேளுங்கள். இவன் வளர்ந்து இவனுக்கு ஒருத்தி வாக்கப்பட்டு வரும்போது நான் இருந்தால், அவள் வீட்டுக்குள் கால் வைத்த அன்றைக்கே, இவன் பெயரை அவள் வாயால் சொல்ல வைப்பேன். வெட்கப்பட்டால் விட மாட்டேன். சத்தமாக, தெளிவாக, எந்த ஆஸ்பத்திரி வாசலில் கேட்டாலும் தடுக்காமல் வரும்வரை சொல்ல வைப்பேன்.

வாத்தியார் சம்சாரம் கடுதாசியை யார் பெயருக்கு அனுப்புவது என்று கேட்கிறார். உறைமேல் உங்கள் பெயரை எழுதச் சொல்லி, நிறுத்தி நிறுத்தி நானே சொன்னேன்.

இப்படிக்கு,
ஏழைகாத்தான் பெண்சாதி, ஏழைகாத்தானின் தாய்,
உங்கள் மாமன் மகள் வெள்ளையம்மா
(கைநாட்டு)