பூசைக்கு முன் போட்ட ஊசி

1936 ஜூலை 3, வெள்ளி

காலை முழுக்கத் தூறல். வாவிக்கு அக்கரை தெரியவில்லை. ஊசி முனை மழுங்கிவிட்டது, கல்லில் தீட்டினேன். லூர்து பார்த்துவிட்டு, "மீசை ஒதுக்கக்கூட இவ்வளவு நேரம் எடுக்க மாட்டீங்க" என்றாள். என் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இன்சுலின் தொடங்கி இரண்டு மாதம். கா. ஆறரை, மா. ஆறரை, உடனே சாப்பாடு. உடம்பில் சதை பிடிக்கிறது. மே மாதத்தில் செத்துவிடுவேன் என்றிருந்தவன் இப்போது காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.

நீரிழிவு என்று லூர்துவுக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். ஊசி போடுகிறான் என்றால் ஊரில் சொல்லக் கூசும் வேறு நோய் என்பார்கள். பள்ளிக்கூட மாஸ்டருக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

ஞாயிறு எங்கள் மதுவிலக்குச் சபைத் திருநாள். செய்ய வேண்டியவை:
நீலப் பட்டிகள் துவைக்க.
கொடிக் குஞ்சம் தைக்க.
பாட்டு ஒத்திகை. (தாமஸ் சுருதி தப்புகிறான், சொன்னால் முறைக்கிறான்.)
சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம்.

கொடி பிடிப்பது செயலாளர். அதாவது நான். சபையில் ஒன்பது வருடம், இந்தக் கொடி போன வருடம்தான் கைக்கு வந்தது. கொஞ்சம் பெருமைதான்.

ஜூலை 5, ஞாயிறு

எழுதவே வெட்கம். ஆனாலும் எழுதுகிறேன்.

மற்ற ஞாயிறுகளில் ஐந்தரைப் பூசை. வீட்டுக்கு வந்து ஊசி, பிறகு சாப்பாடு. இன்று திருநாள் என்பதால் பூசை ஏழுக்கு. டாக்டர் ஆறரை என்றால் ஆறரைதான் என்று ஊசியைப் போட்டுவிட்டேன். நன்மை, அதாவது நற்கருணை, வாங்குகிறவன் நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடத் தொடக்கூடாது. ஊசி வாய்வழியாகப் போகவில்லையே, ஒருசந்தி விரதம் முறியாது என்று கணக்குப் போட்ட புத்திசாலி நான். எட்டுக்குள் முடிந்துவிடும் என்ற நினைப்பு.

பிரசங்கத்துக்கு நாவலப்பிட்டியிலிருந்து வரவேண்டிய சுவாமியாரின் ரயில் தாமதம். பூசை தொடங்கவே முக்கால் மணி நேரம் பிந்தியது. பிரசங்கமோ நீளம். தலைப்பு: குடியின் கேடு.

நடுவில் வியர்வை. முழங்கால் நடுக்கம். சுவாமியார் இரண்டாகத் தெரிந்தார். இப்படி வந்தால் தின்னச் சொல்லி டாக்டர் தந்த சீனிக்கட்டி சட்டைப்பையில் இருந்தது. தின்றால் நன்மை வாங்க முடியாது. சபையே வரிசையாகப் போகும்போது செயலாளர் மட்டும் உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்கள்? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பொறுத்தேன்.

பிறகு நடந்தது லூர்து சொல்லித்தான் தெரியும். மணி அடித்து எல்லாரும் தலை குனிந்த நேரம், நான் சிரித்தேனாம். முன்னால் இருந்த சபைத் தலைவர் சூசைப்பிள்ளையிடம் (பெரிய குடைக்கடைக்காரர்), "அண்ணே, ஒங்க கடக் குடையெல்லாம் ஒழுகுது!" என்றேனாம். கோவில் முழுக்கக் கேட்டதாம். கொடி சாய்ந்து, கம்பு அவர் வழுக்கையில் பட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து லூர்து எழுந்து ஆண்கள் பக்கம் ஓடி வந்தாள். கையில் கித்துள் கருப்பட்டி. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, "நன்மை வாங்கணும்" என்று தலையாட்டினேனாம். அவள் என் மூக்கைப் பிடித்தாள்.

"மோட்சத்துக்குப் பொறவு போகலாம். இப்ப இதத் தின்னுங்க!"

தின்றேன். கால் மணி நேரத்தில் தெளிந்தது. கண்ணைத் திறந்தால் சூசைப்பிள்ளை என் சட்டைக்கையை முகர்ந்துகொண்டிருக்கிறார். ஊசிக்கு முன் துடைக்கும்போது சிந்திய ஸ்பிரிட்டின் மணம்.

"சாராயம்" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 6, திங்கள்

மழை. பள்ளிக்கூட வாசலில் இரண்டாம் வகுப்பு அந்தோணி தள்ளாடிக் காட்டுகிறான், மற்றவை சிரிக்கின்றன. நன்றாகத்தான் நடித்தான்.

கடைத்தெருவில் காதில் விழுந்தது: "ஊருக்கு உபதேசம் பண்ற ஆளு, பூசையிலயே ஊத்திக்கிட்டு வந்திருக்காரு." "பொண்டாட்டியே வாயத் தொறந்து பாத்தாவாம்."

மாலை டாக்டரிடம். யாழ்ப்பாணத்து மனிதர், கோபம் வந்தால் குரல் இறங்கும். "மாஸ்டர், ஊசி போட்டால் அரை மணித்தியாலத்துக்குள்ள சாப்பிட வேணும். பூசை எண்டால் பூசைக்குப் பிறகு ஊசி. சீனியைப் பையில வச்சுக்கொண்டு சாகப் பாத்தனீங்களோ?" குரல் மிக இறங்கியிருந்தது. உண்மையாகவே பயந்தேன்.

ஜூலை 8, புதன்

பங்குச் சுவாமியார் கூப்பிட்டார். இத்தாலிக்காரர், புத்தகத் தமிழ் பேசுவார். "நீர் குடித்தீரா?" "இல்லை சுவாமி, ஒண்ணும் குடிக்காததுதான் பிழை." சொன்னேன், எல்லாம். அவர் தாடியைத் தடவி, "இதைச் சபையிலும் சொல்லும்" என்றார். சனி மாலை கூட்டம். என்னை நீக்குவதைப் பற்றி.

குடிகாரன் என்று போவதா, நோயாளி என்று நிற்பதா? இரண்டும் பிடிக்கவில்லை. லூர்து: "குடிகாரன் பொண்டாட்டின்னு சொன்னா எனக்கும்தான் அசிங்கம். அத யோசிச்சீங்களா?" யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

பப்பாசி பழுத்திருக்கிறது. எனக்கு ஒரு துண்டு மட்டுமாம்.

ஜூலை 11, சனி

கூட்டம் ஆறுக்கு, பள்ளிக்கூட மண்டபத்தில். பதினாறு பேர். ஊசிப் பெட்டியோடு போனேன். சூசைப்பிள்ளை பேசினார், பேசினார், ஆறரை ஆகிவிட்டது. எழுந்து, "அண்ணே, மன்னிக்கணும், எனக்கு நேரமாச்சு" என்று மேசைமேல் பெட்டியைத் திறந்தேன். ஸ்பிரிட் போத்தலை முதலில் அவர் மூக்கடியில் நீட்டினேன்.

"ஞாயித்துக்கிழமை மணந்தது இதுதான். குடிச்சுப் பாக்காதீங்க, கண்ணு போயிரும்."

யாரோ சிரித்தார்கள். வேட்டியை ஒதுக்கித் தொடையில் போட்டேன். தாமஸ் மயங்கிக் கதிரையில் சாய்ந்தான். எனக்கு நீரிழிவு, இந்த மருந்து இல்லாவிட்டால் மே மாதமே அடக்கம் செய்திருப்பீர்கள் என்றேன். பிறகு லூர்து கட்டித் தந்த இடியாப்பத்தை அவிழ்த்து, பதினாறு பேர் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டேன். ஊசி போட்டால் சாப்பிட வேண்டுமே.

நீக்கம் கைவிடப்பட்டது. சூசைப்பிள்ளை எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு போனார். கோபம் தீரவில்லை போலிருக்கிறது.

ஜூலை 12, ஞாயிறு

வெயில், அதிசயம். ஐந்தரைப் பூசை, நன்மை வாங்கினேன், வீட்டுக்கு வந்து ஊசி, அப்பம் மூன்று. கால் தரையில் படவில்லை.

பத்து மணிக்குச் சூசைப்பிள்ளை வந்தார். சண்டைக்குத்தான் என்று எழுந்து நின்றேன். வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"மாஸ்டர், எனக்கு எவ்வளவு தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்க மாட்டேங்குது. இடுப்புல வேட்டி நிக்குதில்ல." குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குது. பங்குனியிலருந்து. வீட்ல யாருக்கும் தெரியாது."

அவ்வளவு பெரிய மனிதர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஊசி... வலிக்குமா?"

"மொத நாள் மட்டும்தான் அண்ணே. நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் கூட வர்றேன்."

உள்ளே லூர்துவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், இரண்டு கோப்பை. அவர் ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தார். என்னைப் பார்த்தார். பிறகு சீனி கேட்காமல் முழுவதையும் குடித்து முடித்தார்.