பூனை குறுக்கே போன கதை

அன்பு மகள் காஞ்சனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் நைனாவும் அண்ணனும் அண்ணியும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சண்டை போட்டு நன்றாகவே இருக்கிறோம், நீயும் அந்தக் கனடா குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாக இரு. பத்மினி அண்ணி போட்டுக்கொடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், நீ எழுதிச் சோதனைக்கு அனுப்பிய கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடி வாந்தி எடுத்துவிட்டேன். மௌஸ் பிடிக்கத் தெரியாமல் உன் வீரனை வாசலிலேயே சுற்றவிட்டதில் எனக்குத் தலை சுற்றிவிட்டது, அவன் நன்றாகத்தான் நின்றான்.

போன வாரம் போனில் உன் குரலே சரியில்லை. வீரன் ஊர் எல்லையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியை யாரும் எடுக்கமாட்டார்கள், வெட்டிவிடு என்று உன் மேலதிகாரி சொல்கிறார், மாசக் கடைசிக்குள் முடிவு என்றாய். வெட்டாதே. நான் அந்த வழியில் போனேன். ராஜா கீழே இருக்கிற எதிரி ஊரை மூழ்கடிக்க ஏரிக்கரையை உடைக்கச் சொல்லி அனுப்புகிறார், எல்லையில் பூனை குறுக்கே போகிறது, அப்புறம் எப்படி மேலே போவது? வீரனை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். அவன் அம்மா தண்ணீர் கொடுத்து, ஓடிப்போன உன் தங்கை செத்துவிட்டாள் என்று நான் சொன்னது பொய், அவள் ஏரிக்குக் கீழே அந்த ஊரில்தான் குடும்பம் நடத்துகிறாள் என்றாள். அண்ணி இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்லச்சொல்ல எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த அம்மாவுக்கு என் மூக்குத்தியைப் போட்டிருக்கிறாயே, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நான் கரையை உடைக்கவில்லை. ராஜா நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார், இப்போது ஆடு மேய்க்கிறேன், பரவாயில்லை.

எதிர்வீட்டு ஆட்டோக்கார சிட்டிபாபுவையும் ஆடவிட்டேன். அவன் பூனையைப் பார்த்துச் சிரித்துவிட்டு நேராகப் போய்க் கரையை உடைத்தான். வெள்ளம் வடிந்த பிறகு அங்கே தங்கை பிணமாகக் கிடப்பதைப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, அந்தம்மா எனுக்கு மட்டும் ஏன் சொல்லல?" என்று கேட்டான்.

"நீ திரும்பி வந்தியா, சொல்றதுக்கு?" என்றாள் பத்மினி.

அன்றைக்கு அவன் சோறு துன்னவில்லை என்று அவன் பெண்டாட்டி வந்து என்னோடு சண்டை போட்டாள். இதை உன் மேலதிகாரியிடம் சொல். போகாதவனுக்கும் அந்த வழி வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் எதை நினைத்து வருத்தப்படுவான்? நாலாவதோடு என்னைப் படிப்பிலிருந்து நிறுத்தியபோதும், கல்யாணம் பேசியபோதும் இதுவா அதுவா என்று யாரும் கேட்கவில்லை. முதன்முதலாகக் கேட்டது என் மகள் எழுதிய விளையாட்டு. புத்தூர் பஜாரில் இதைச் சொல்லாத கடை இல்லை, காய்கறிக்காரர் என்னைக் கண்டாலே தராசை வைத்துவிட்டு உள்ளே போகிறார்.

நீ எடுத்த காரியம் ஜெயிக்கட்டும், ஆயுசோடு இரு. ராத்திரி கண் விழிக்காதே, தலைக்கு எண்ணெய் வை.

இப்படிக்கு,
கை வலிக்க எழுதிய உன் அம்மா
கன்னியம்மாள், புத்தூர்

எழுத மறந்தது: நேற்று சிட்டிபாபு நம் தெரு டீச்சரம்மாவை ரயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனான். பாதி வழியில் ஒரு பூனை குறுக்கே போயிருக்கிறது. ஆட்டோவைத் திருப்பி வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் தண்ணீர் குடித்தார்கள். ரயில் போய்விட்டது. டீச்சரம்மா நம் வீட்டில் சாப்பிட்டார், ரசத்தில் உப்பு கம்மி என்றார்.